முன்மூடியில் ஒரு பெயர், எஞ்சினில் ஒரு பெயர்

வாசக அன்பர்களின் ஐயங்களுக்கு இப்பகுதியில் இயன்ற வரை விடை கூறி வருகிறோம். இம்மாதத்து ஐயம் கடிதமாக வரவில்லை. கோவில்பட்டிக்குக் கிழக்கே, எட்டயபுரம் செல்லும் சாலையிலிருந்து விலகி உள்ளடங்கிக் கிடக்கும் கரிசல் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அம்மையார் அதை மனத்தில் சுமந்துகொண்டு நேரிலேயே வந்துவிட்டார். அவருடைய கணவர் இறந்து ஓராண்டும் சில மாதங்களும் ஆகின்றன. அவர் விட்டுச் சென்றவை 7 ஏக்கர் மானாவாரி நிலம், இரண்டு பிள்ளைகள், வேப்ப மரத்தடியில் நிற்கும் பழைய மாஸி பெர்குசன் டிராக்டர் ஒன்று. 1985-ஆம் ஆண்டு வங்கிக் கடனில் வாங்கிய வண்டி அது. பருத்தியும் உளுந்தும் விளைந்த ஆண்டுகளில் தவணை கட்டி, விளையாத ஆண்டுகளில் வட்டி கட்டி, ஒருவாறு சொந்தமாக்கிக்கொண்ட வண்டி.

மூத்த மகனின் படிப்புச் செலவுக்காக அதை விற்றுவிடலாம் என்று வீட்டில் முடிவாயிற்று. பழைய வண்டிகளை வாங்கி விற்கும் தரகர் ஒருவர் வந்தார். ஒரு தொகை பேசினார். பின்னர் பானெட் எனப்படும் முன்மூடியைத் திறந்து பார்த்தார், எஞ்சினில் இருந்த தகட்டைத் துடைத்துப் படித்தார், உதட்டைப் பிதுக்கினார்.

“அக்கா, மூடியிலே மாஸி பெர்குசன்னு இருக்கு. எஞ்சினிலே சிம்சன்னு இருக்கு. உள்ளே இருந்ததை யாரோ கழற்றிட்டு வேறே எஞ்சினைப் போட்டிருக்காங்க. இது ஒரிஜினல் வண்டி இல்லே” என்று கூறி, முன்பு பேசிய தொகையில் பாதியைத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தொகை குறைந்ததைவிட வேறொன்றே அம்மையாரின் நெஞ்சை அறுத்தது. மழை பொய்த்த ஓர் ஆண்டில், கடன் கழுத்தை நெரித்த காலத்தில், எஞ்சின் வேலை என்று சொல்லி அவருடைய கணவர் வண்டியைக் கோவில்பட்டிப் பட்டறைக்குக் கொண்டுபோனாராம். ஒரு மாதத்துக்கு மேல் அது திரும்பி வரவில்லை. “அப்போது எஞ்சினை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, என்னிடம் சொல்லாமல் மறைத்துவிட்டாரோ? முப்பது ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்தவர் அப்படிச் செய்திருப்பாரா?” என்று கேட்டுவிட்டு, நம் முகத்தைப் பாராமல் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு அன்று நாம் சொன்ன விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம். நம் வாசகர் இல்லங்கள் பலவற்றில் இத்தகைய வண்டிகள் நிற்கின்றன; இத்தகைய தரகர்களும் ஊருக்கு ஊர் வருகிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். மாஸி பெர்குசன் என்று எழுதிய இந்திய டிராக்டர் ஒன்றின் எஞ்சினில் சிம்சன் என்ற பெயர் காணப்படுவது எஞ்சினை மாற்றியதற்குச் சான்று ஆகாது. அங்கே இருக்க வேண்டிய பெயரே அதுதான். வேறு பெயர் இருந்தாலன்றோ ஐயுற வேண்டும்! அதற்குக் காரணம் அறிய வேண்டுமானால், அந்த முன்மூடியில் பெயர் பொறித்திருக்கும் பெர்குசன் என்ற மனிதரிடமிருந்து தொடங்க வேண்டும்.

ஹாரி பெர்குசன் 1884-ஆம் ஆண்டு அயர்லாந்தின் வடபகுதியில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். உலகில் எத்தனையோ லட்சம் டிராக்டர்கள் அவர் பெயரைத் தாங்கி ஓடின, இன்னும் ஓடுகின்றன. வியப்பு என்னவென்றால், அவற்றின் எஞ்சின்கள் எல்லாம் பிறர் செய்தவை. 1933-ஆம் ஆண்டு அவர் செய்து பார்த்த முதல் மாதிரி வண்டியில் அமெரிக்காவின் ஹெர்க்குலிஸ் எஞ்சின் இருந்தது. 1936-இல் விற்பனைக்கு வந்த வண்டியில் முதலில் இங்கிலாந்தின் கவென்ட்ரி கிளைமாக்ஸ் எஞ்சின் இருந்தது; பிறகு டேவிட் பிரவுன் எஞ்சின் வந்தது. 1938-இல் அமெரிக்கா சென்று ஹென்றி போர்டைச் சந்தித்தார். இருவரும் தாளில் ஏதும் எழுதிக்கொள்ளவில்லை, கைகுலுக்கி உடன்பட்டனர். 1939-இல் போர்டு எஞ்சினுடன் பெர்குசன் முறை டிராக்டர் வெளிவந்தது. மூத்த போர்டு காலமான 1947-ஆம் ஆண்டில் அவர் பேரன் அந்த உறவை முறித்துக்கொண்டார். பெர்குசன் வழக்குத் தொடுத்தார். அது ஆண்டுக்கணக்கில் இழுத்து, 1952-இல் 92.5 லட்சம் டாலர் பெற்றுக்கொண்டு முடிந்தது. (கைகுலுக்கலை நம்பி நிலம் எழுதிக்கொடுத்தவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. அவர்களுக்கு வழக்காடி வாங்கிக்கொள்ளும் வசதி இருப்பதில்லை.)

இதற்கிடையே 1946-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் சாம்பல் நிறச் சிறு டிராக்டர் ஒன்றை அவர் வெளியிட்டார். டி.இ.-20 என்பது அதன் பெயர். பத்து ஆண்டுகளில் 5 லட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. அவற்றைச் செய்தது ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. எஞ்சின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கான்டினென்டல். பிறகு ஸ்டாண்டர்டு கம்பெனியே செய்தது. எவரெஸ்டில் ஏறிய எட்மண்ட் ஹில்லாரி 1958-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் தென் துருவத்தை அடைந்தது இந்தச் சாம்பல் நிற டிராக்டர்களில்தான். ஸ்டாண்டர்டு என்ற பெயர் நம் மூத்த வாசகர்களுக்குப் புதிதன்று. அதே கம்பெனியின் தொடர்போடு சென்னையில் ஸ்டாண்டர்டு கார்கள் செய்யப்பட்டன அல்லவா? ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரின் எஞ்சினும் அந்தச் சாம்பல் டிராக்டரின் பெட்ரோல் எஞ்சினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பண்ணையாரைக் கோர்ட்டுக்கு ஏற்றிச் சென்றதும் வயலை உழுததும் உடன்பிறந்த எஞ்சின்கள் என்றால், அன்று யார் நம்பியிருப்பார்கள்?

அப்படியானால் பெர்குசன் செய்தது என்ன என்று வாசகர் கேட்கலாம். அவர் செய்தது எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிறது. அக்காலத்து டிராக்டர் கலப்பையை வண்டியைப் போல வெறுமனே இழுத்துச் சென்றது. கொழு ஒரு பாறையில் முட்டினால், சக்கரம் சுழன்றபடி முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஓட்டுபவர் மீதே கவிழும். பலர் அவ்வாறு மாண்டனர். பெர்குசன் கலப்பையை மூன்று முனைகளில் டிராக்டரோடு பிணைத்து, எண்ணெயின் அழுத்தத்தால் அதைத் தூக்கவும் தாழ்த்தவும் வழி செய்தார். நிலம் கலப்பையைப் பின்னுக்கு இழுக்கும் இழுப்பே பின்சக்கரங்களை மண்ணில் அழுத்தும் பாரமாக மாறியது. ஆகவே சிறிய, இலகுவான வண்டியே பெரிய வண்டியின் வேலையைச் செய்தது. இன்று கோவில்பட்டிச் சந்தைக்கு வரும் எந்த நிற டிராக்டரின் பின்னாலும் போய் நின்று பாருங்கள். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை என்று அந்த மூன்று முனைப் பிணைப்பு இருக்கும். எல்லாக் கம்பெனி வண்டிகளிலும் அவர் இருக்கிறார்; முன்மூடியில் பெயர் மட்டும் இல்லை.

பெர்குசன் வண்டியின் அமைப்பில் இன்னொரு செய்தி உண்டு. அதுவே தரகரின் கூற்றுக்கு நேர் விடையாக அமைகிறது. லாரிக்கு இருப்பது போன்ற நீண்ட இரும்புச் சட்டம் இந்த வண்டிக்கு இல்லை. முன் அச்சு, எஞ்சின், கியர்ப் பெட்டி, பின் அச்சு ஆகியவை ஒன்றோடொன்று போல்ட்டுகளால் இறுக்கப்பட்டு, அவையே வண்டியின் முதுகெலும்பாக நிற்கின்றன. எஞ்சினைக் கழற்றினால் வண்டி இரண்டாகப் பிரிந்துவிடும். வேறோர் எஞ்சினை அங்கே வைக்க வேண்டுமானால், அதன் முகப்பும் துளைகளும் கியர்ப் பெட்டியோடு பொருந்த வேண்டும்; இரும்பின் கனம் வண்டியின் பாரத்தைத் தாங்க வேண்டும். செய்ய முடியாதது என்று சொல்லமாட்டோம். ஆனால் கடனில் தவித்த மானாவாரி விவசாயி ஒருவர் மறைவாகச் செய்து முடிக்கக்கூடிய வேலை அன்று அது. முன்மூடியை மாற்றுவதோ வெகு எளிது. இரண்டு ஸ்பானர்கள் போதும்.

இனி எஞ்சினுக்கு வருவோம்.

1953-இல் பெர்குசன் தம் தொழிலைக் கனடாவின் மாஸி-ஹாரிஸ் கம்பெனியோடு இணைத்தார். அந்தக் கூட்டுப் பெயர் பின்னர் மாஸி பெர்குசன் என்று சுருங்கியது. சாம்பல் நிறம் போய்ச் சிவப்பு வந்தது. ‘35’ என்ற எண் கொண்ட அவர்களது டீசல் டிராக்டரில் முதலில் ஸ்டாண்டர்டு கம்பெனியின் 4 சிலிண்டர் எஞ்சின் இருந்தது. குளிர் காலையில் அது எளிதில் உயிர்பெறாது என்று இங்கிலாந்து உழவர்கள் நொந்துகொண்டார்கள். (சித்திரை வெயிலில் கையை வைத்தால் பொசுங்கும் நம் கரிசலில் அது ஒரு குறையாகவே தோன்றியிராது.) 1959-இல் மாஸி பெர்குசன் கம்பெனி, பீட்டர்பரோ நகரில் இருந்த பெர்க்கின்ஸ் எஞ்சின் கம்பெனியையே விலைக்கு வாங்கிற்று. அவ்வாண்டின் இறுதியில் ‘35’ வண்டிக்குப் பெர்க்கின்ஸின் 3 சிலிண்டர் எஞ்சின் வந்தது. மூன்று சிலிண்டர்களின் கொள்ளளவும் சேர்ந்து 152 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 2.5 லிட்டர். பிஸ்டனின் குறுக்களவு 3.6 அங்குலம், அது மேலும் கீழும் செல்லும் தொலைவு 5 அங்குலம். அகலத்தைவிட நீண்ட ஓட்டம் உடைய இத்தகைய எஞ்சின், வேகமாகச் சுழல்வதைவிட மெதுவாகச் சுழன்று பாரம் இழுப்பதில் வல்லது. உழவுக்கு வேண்டியதும் அதுவே.

பிராங்க் பெர்க்கின்ஸ் 1932-ஆம் ஆண்டு பீட்டர்பரோவில் தொடங்கிய அந்தக் கம்பெனி டிராக்டர் எதையும் தன் பெயரில் விற்றுப் புகழ் பெற்றதன்று. பிறர் வண்டிகளுக்கு எஞ்சின் செய்து கொடுப்பதே அதன் தொழில். மாஸி பெர்குசன் அதை வாங்குமுன்பே, சாம்பல் நிற டிராக்டரின் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பொருத்திக்கொள்வதற்கென்று பி-3 என்னும் டீசல் எஞ்சினை அது விற்றுவந்தது. ஆகவே தொழிற்சாலை மணம் செய்து வைக்குமுன்பே உழவர்கள் அந்த இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டார்கள் எனலாம்.

இவ்வளவும் இங்கிலாந்துக் கதை. நம் அம்மையாரின் வண்டி இங்கிலாந்தில் பிறந்ததன்று, சென்னையில் பிறந்தது.

சென்னைக்குச் சென்றவர்கள் அண்ணா சாலையில் ‘சிம்சன்’ என்று நடத்துநர் கூவக் கேட்டிருப்பார்கள். அந்த நிறுத்தத்துக்குப் பெயர் தந்த சிம்சன் கம்பெனி 1840-ஆம் ஆண்டு தோன்றியது. உழவு டிராக்டர் பிறவாத காலம் அது. குதிரை வண்டிகளையும் கோச்சுகளையும் கட்டித் தருவது அதன் தொழில். பிறகு 1903-இல் நீராவிக் கார் ஒன்றை அது செய்து ஓட்டிக் காட்டியது. வெள்ளையர் கையிலிருந்த இந்தக் கம்பெனியில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, இறுதியில் அதன் தலைமையையே ஏற்றவர் எஸ். அனந்தராமகிருஷ்ணன். அவர் 1905-இல் பிறந்த ஊர் ஆழ்வார்திருநகரி. இன்று அது கோவில்பட்டி இருக்கும் அதே தூத்துக்குடி மாவட்டத்தில்தான் இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் நீர் பாயும் வயல்களுக்கு நடுவே பிறந்தவர் ஒருவர், மழையையே நம்பிய கரிசலின் உழவுக்கு எஞ்சின் செய்யப் போகிறார் என்று எவர் எண்ணியிருப்பார்?

அவர் தலைமையில் சிம்சன் கம்பெனி 1950-களில் பெர்க்கின்ஸின் உரிமத்தைப் பெற்றுச் சென்னையில் டீசல் எஞ்சின் செய்யத் தொடங்கியது. அயல்நாட்டு நாணயம் அரிதாயிருந்த காலம். எஞ்சினைக் கப்பலில் முழுதாக இறக்கிக்கொண்டே இருக்க அரசு விடாது. ஒவ்வோர் உறுப்பாக இங்கேயே செய்யப் பழக வேண்டும் என்பதே அன்றைய கொள்கை. 1960-ஆம் ஆண்டு அதே குழுமம் மாஸி பெர்குசனோடு கூட்டாக டாஃபே என்னும் டிராக்டர் கம்பெனியைச் சென்னைச் செம்பியத்தில் நிறுவியது. வண்டியின் வடிவும் பெயரும் மாஸி பெர்குசனுடையவை. எஞ்சினின் வரைபடம் பெர்க்கின்ஸுடையது. கடைந்து, கோத்து, ஓட்டிப் பார்த்து அனுப்பியது சிம்சன். இங்கிலாந்தில் டிராக்டர் கம்பெனி எஞ்சின் கம்பெனியை விலைக்கு வாங்கிச் சேர்த்துக்கொண்டது; சென்னையிலோ எஞ்சின் செய்யும் கம்பெனி முந்திப் பிறந்து, டிராக்டர் செய்யும் கம்பெனி பிந்திப் பிறந்தது. அனந்தராமகிருஷ்ணன் 1964-இல் காலமானார். அவர் தொடங்கிய எஞ்சின்களோ இன்றும் கரிசலில் உறுமிக்கொண்டிருக்கின்றன.

“உண்மையில் செய்தவர் யார்?” என்ற கேள்வியை இன்னும் உள்ளே கொண்டுபோனால், அது சிம்சனோடும் நிற்பதில்லை. அதே செம்பியத்தில், 1949-இல் தோன்றிய இந்தியா பிஸ்டன்ஸ் கம்பெனி பிஸ்டன்களையும் ரிங்குகளையும் செய்து வந்தது. டீசலை அளந்து தெளிக்கும் பம்பைப் பாருங்கள். அதன் மீது வேறு கம்பெனியின் பெயர் பொறித்திருக்கும். பேட்டரிக்கு ஒரு பெயர், டயருக்கு ஒரு பெயர். ஒரு வீட்டைக் கட்டியவர் யார் என்று கேட்டால் கொத்தனாரைச் சொல்வோமா, தச்சரைச் சொல்வோமா, கடன் வாங்கிப் பணம் கொடுத்தவரைச் சொல்வோமா? ஆயினும் எஞ்சினைப் பொறுத்தவரை நாம் ஒரு விடைக்கு வந்தே ஆக வேண்டும். ஏனெனில் தரகர் பாதி விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். எஞ்சினைக் கோத்து, எண் குத்தி, அது ஓடும் என்று பொறுப்பேற்று வெளியே அனுப்பியவர் எவரோ அவரே செய்தவர் என்பது நம் கருத்து. அவ்வகையில் அம்மையாரின் வண்டிக்கு எஞ்சின் செய்தது சிம்சன்.

மற்ற வண்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1974-இல் பஞ்சாப் அரசின் முயற்சியால் வெளிவந்த ஸ்வராஜ் டிராக்டர், துர்காபூர் ஆராய்ச்சிக் கூடத்தில் நம் நாட்டவரே வரைந்த வண்டி என்று பெருமையோடு பேசப்பட்டது, பேசத் தக்கதே. அதன் எஞ்சின் கிர்லோஸ்கருடையது. எச்.எம்.டி. டிராக்டரின் மூலம் செக்கோஸ்லோவாக்கியாவின் ஸெட்டார். மகிந்திராவின் பழைய பி-275 வண்டியின் மூலம் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர். அவரவர் வண்டியில் எஞ்சின் தகட்டைத் துடைத்துப் பார்த்தால் இத்தகைய உறவுமுறைகள் பல வெளிவரும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். 1960-க்கு முன்பு கப்பலில் வந்திறங்கிய அயல்நாட்டு மாஸி பெர்குசன் வண்டிகளில் சிம்சன் எஞ்சின் இருந்தால், அது பிற்காலத்தில் மாற்றியதாகவே இருக்கும். வண்டி பிறந்த ஆண்டையும் இடத்தையும் அறியாமல் பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்புக் கூறலாகாது. தரகர் செய்த பிழை அது. அல்லது அவர் அறிந்தே செய்தாரோ, நாம் அறியோம்.

பெயர் என்பது எத்துணை விலை உடையது என்பதற்குப் பெரியவர்களின் கதையும் ஒன்று உண்டு. மாஸி பெர்குசன் என்ற பெயர் 1994-இல் அமெரிக்காவின் ஆக்கோ என்ற கம்பெனிக்குப் போயிற்று. பெர்க்கின்ஸ் 1998-இல் கேட்டர்பில்லர் கம்பெனிக்குப் போயிற்று. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த வண்டியும் எஞ்சினும் அங்கே வெவ்வேறு வீடுகளுக்கு வாழ்க்கைப்பட்டன. 2024-இல் ஆக்கோ, டாஃபேவுக்குத் தந்திருந்த பெயர் உரிமையை முறித்துக்கொள்ள முனைந்தது. வழக்கு நீதிமன்றம் ஏறியது. 2025-இல் இரு தரப்பும் சமாதானமாகி, இந்தியா, நேபாளம், பூட்டான் ஆகிய மூன்று நாடுகளில் அந்தப் பெயர் டாஃபேவுக்கே சொந்தம் என்று முடிவாயிற்று. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வண்டியை இங்கே செய்து வந்தவர்கள், அதன் மூடியில் எழுதும் பெயருக்காக அத்தனை தொலைவு போராட வேண்டியிருந்தது.

எஞ்சினைச் செய்தவர் யார் என்பது வெறும் பழங்கதை அன்று. விற்காமல் உழுகிறவர்களுக்கும் அது வேண்டும். கரிசலில் உழவுக்கு உரிய பதம் சில நாட்களே நிற்கும். காய்ந்து கிடந்தால் கால் நுழையும் அளவுக்கு வெடித்து இறுகிவிடும். மழை பெய்துவிட்டாலோ களியாகி டயரில் அப்பிக்கொள்ளும். வண்டி உள்ளே இறங்காது. கோடை மழை ஒன்றைக் கொண்டு சட்டிக் கலப்பையால் புரட்டிப் போட்டு, கொத்துக் கலப்பையால் மீண்டும் உழுது, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே விதையை மண்ணுக்குள் சேர்த்துவிட வேண்டும் என்பது இப்பக்கத்து வழக்கம். அந்த நாட்களில் வண்டி நின்றுவிட்டால், மூடியில் உள்ள பெயரைக் கடையில் சொல்லிப் பாகம் கேட்பவர்கள் பலர். ஒரே மாதிரி வண்டியிலும் காலத்துக்குக் காலம் எஞ்சின் மாறியிருக்கும். பிஸ்டன் ரிங் ஒரு மயிரிழை வேறுபட்டாலும் பயன்படாது. தவறான பாகத்தை வாங்கி வந்து, திரும்பப் பேருந்து ஏறி, மறுநாள் கடை திறக்கும் வரை காத்திருந்து, அதற்குள் மழை இறங்கிவிட்டால், அவ்வாண்டு உளுந்து இல்லை. ஆகவே பாகம் வாங்கப் போகும்போது எஞ்சின் தகட்டில் உள்ள பெயரையும் எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். வண்டியின் ஆர்.சி. புத்தகத்திலேயே எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் தனித்தனியே எழுதியிருக்கும். எஞ்சினை மாற்றினால் அதைப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து அந்தப் புத்தகத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம்.

இதைச் சொன்னதும் அம்மையார் நிமிர்ந்தார். ஆர்.சி. புத்தகம் எங்கோ இரும்புப் பெட்டியில் இருக்கிறது என்றார். நாம் அடுத்த வாரமே அந்த ஊருக்குச் சென்றோம். பங்கைச் சேர்ந்த முதிய மெக்கானிக் ஒருவரும் உடன் வந்தார். பழைய வண்டிகளின் வயிற்றைத் தொட்டே நோய் சொல்லக்கூடியவர்.

வேப்ப மரத்தடியில் வண்டி நின்றது. இருக்கையின் மீது கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. முன்மூடியின் சிவப்பு வெளுத்து ரோசா நிறமாகிவிட்டது. எழுத்துகளில் பாதி உதிர்ந்திருந்தன. அக்காலத்தில் ஆகஸ்டு 15 வந்தால், பின்னால் பெட்டியைக் கோத்து, ஊராரை ஏற்றிக்கொண்டு காமநாயக்கன்பட்டி மாதா திருவிழாவுக்குச் செல்லும் வண்டி இது என்று அண்டை வீட்டார் ஒருவர் கூறினார். பெட்டியில் ஆள் ஏற்றுவதைச் சட்டம் இன்று அனுமதிப்பதில்லை. அன்று யாரும் கேட்கவும் இல்லை.

மெக்கானிக் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தார். பெயர் தெரிந்தது. அதன் அருகே எண் தெரியவில்லை. மீண்டும் துடைத்தார். பிறகு அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தார். தாளில் ஒவ்வோர் எண்ணாக எழும்பி வந்தது.

“நான் சொல்லச் சொல்ல புத்தகத்திலே பாருங்கம்மா” என்றார்.

அவர் ஒவ்வோர் எண்ணாகக் கூறினார். அம்மையார் புத்தகத்தில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். இளைய மகன் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். கடைசி எண்ணையும் கூறி முடித்தபோது அம்மையார் தலையை அசைத்தார், வாய் பேசவில்லை. 1985-இல் பதிந்த அதே எண்.

“ஒரு மாசம் பட்டறையிலே நின்னதுக்கு என்ன காரணம் அண்ணாச்சி?” என்று மகன்தான் கேட்டான்.

எஞ்சினைப் பிரித்து லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் புதிதாகப் போட்டு, கிராங்கைக் கிரைண்டிங்குக்கு அனுப்பினால், அக்காலத்தில் ஒரு மாதமும் ஆகும், கையில் பணம் இல்லாதவருக்கு இரண்டு மாதமும் ஆகும் என்றார் மெக்கானிக். உள்ளே உள்ளவை மாறும். பிளாக்கும் அதன் எண்ணும் மாறுவதில்லை. அம்மையார் ஆர்.சி. புத்தகத்தின் பின்னட்டைக்குள் மடித்துச் செருகியிருந்த தாள் ஒன்றை அப்போதுதான் வெளியே எடுத்தார். மை மங்கிப்போன பட்டறைச் சீட்டு. லைனர் 3, பிஸ்டன் 3, ரிங் 3 செட் என்று எழுதி, கீழே தொகை போட்டு, பாதி வரவு, மீதி பருத்தி எடுத்ததும் என்று குறித்திருந்தது. அதற்கும் கீழே, மீதியும் வந்துவிட்டதாக வேறு மையில் ஒரு கையெழுத்து இருந்தது.

அவர் அந்தச் சீட்டை இருந்தபடியே மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தார். தரகர் மறுபடியும் வந்தால் என்ன சொல்வது என்று நம்மிடம் கேட்டார். முதலில் பேசிய தொகையைக் கேளுங்கள் என்றோம். மெக்கானிக் அதற்குள் எரிபொருள் தொட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே ஒரு குச்சியை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். புது பேட்டரியும் ஐந்து லிட்டர் டீசலும் இருந்தால் இன்றைக்கே ஓட்டிப் பார்த்துவிடலாம், புரட்டாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றார். இளைய மகன் இருக்கையிலிருந்த கோழியை மெதுவாகத் தூக்கிக்கொண்டு போய், முட்டைகளோடு ஒரு பழைய கூடையில் வைத்தான்.